கம்பவுண்டரின் மருந்துப் பெட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழைய மருந்துப் பெட்டிகளைச் சேகரிப்பவர்கள் 'சரக்கோடு இருக்கும் பெட்டி' என்று ஒன்றைத் தனியாகச் சொல்வார்கள். வெறும் பெட்டி ஒரு விலை என்றால், குப்பிகளும் அவற்றில் மிச்ச மருந்தும் இருக்கும் பெட்டி இரண்டு மடங்கு விலை. சென்ற ஆண்டு சித்திரையில் என் நண்பர் ஒருவர் அம்பாசமுத்திரத்தில் அப்படி ஒரு பெட்டியை வாங்கினார். அன்றிலிருந்து ஆவணி வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். யார் பெயரையும் எழுதவில்லை.

நண்பர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; பாளையங்கோட்டையில் சொந்த வீடு. தாத்தா விட்டுச்சென்ற சித்த வைத்தியப் பெட்டியில் தொடங்கிய ஆசை, ஆறு ஆண்டில் ஏழு பெட்டிகளாக வளர்ந்திருந்தது. நான் 33 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்தவன். எனக்குச் சேகரிக்கும் பழக்கம் கிடையாது. அவர் வாங்கிவரும் குப்பிகளில் ஒட்டியிருப்பதைப் படித்துச் சொல்வதோடு என் வேலை முடிந்துவிடும்.

திருநெல்வேலிச் சீமையில் இப்படிப்பட்ட பெட்டிகள் கிடைப்பதில் வியப்பு இல்லை. இங்கே வைத்தியர் வீடுகளும் மிஷன் மருத்துவமனைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல் வந்தது. அலோபதிக் கல்லூரி அதற்கு அடுத்த ஆண்டு. அதற்கெல்லாம் வெகு முன்பே சிற்றூர்களில் வைத்தியம் பார்த்தவர்கள் நாட்டு வைத்தியர்களும் கம்பவுண்டர்களும்தான். வைத்தியரின் பெட்டிக்குச் சேகரிப்பாளர்களிடம் மரியாதை உண்டு. வெள்ளைக்காரர் பெட்டிக்கு அதைவிட உண்டு. கம்பவுண்டரின் பெட்டியை யாரும் தேடிப் போவதில்லை. இந்த நிகழ்வில் நடந்த குளறுபடிகளில் பாதிக்கு அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வாங்கிய நாள்

விற்றவர் எண்பது வயதைக் கடந்த ஓர் ஆச்சி. வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்பதால் மச்சில் கிடந்த சாமான்களையெல்லாம் கீழே இறக்கியிருந்தார்கள். தரகர் சொன்ன விலை 45,000 ரூபாய். பேசி 28,000 ரூபாய்க்கு முடிந்தது. அந்த விலைக்குத் தரகர் ஒரு கதையும் வைத்திருந்தார். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் மருத்துவமும் பள்ளியும் நடத்திய மிஷனரி மர்காஷிஸ் ஐயர் கையாண்ட பெட்டியாம் அது. கைமாறிக் கைமாறி இந்த வீட்டுக்கு வந்ததாம்.

ஆச்சி அங்கேயே மறுத்திருக்கிறார். "அதெல்லாம் இல்லை தம்பி. எங்கள் மாமா கம்பவுண்டராக இருந்தார். அவருடைய பெட்டி இது." தன் மாமனாரைத்தான் அப்படிச் சொன்னார். தரகர் நண்பரை வீட்டின் தாழ்வாரமான தார்சாவுக்குக் கூட்டிவந்து, ஆச்சிக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் முன்பின்னாக இருக்கும் என்று காதோடு சொல்லியிருக்கிறார். நண்பர் தரகரை நம்பினார். நம்ப விரும்பினார் என்பதே சரி.

பெட்டியைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் இருக்கைக்கு அடியில் வைத்து, இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். சுமார் 35 கிலோமீட்டர். பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம் என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமை மூன்று நாள் நீடித்தது.

அன்று மாலையே சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டார். பித்தளை மூலைகளைப் புளி போட்டுத் தேய்த்தார். காகிதம் பாதி உரிந்து அழுக்கேறிய குப்பிகள் மூன்றை எடுத்து, உள்ளே இருந்ததைப் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் கொட்டி, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கண்ணாடி பளபளக்க வைத்தார். மூன்றும் வீட்டுக் கூடமான பட்டாசலில் விளக்குக்குக் கீழே வரிசையாக நின்றன. ஒட்டுக்காகிதம் ஒன்றுகூட மிச்சம் இல்லை.

கறுத்த விரல்கள்

மறுநாள் காலை ஆறரை மணிக்கு என் கைப்பேசி ஒலித்தது. "அண்ணாச்சி, வலது கை மூன்று விரலும் கறுத்துப்போய் இருக்கின்றன. சோப்புப் போட்டும் போகவில்லை, எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை."

வலி இருக்கிறதா, மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்டேன். இரண்டும் இல்லை. கழுவிய குப்பிகளில் பழுப்பு நிறக் குப்பி உண்டா என்றதும், "ஒன்று உண்டு, உள்ளே உப்புக்கல் மாதிரி இருந்தது" என்றார். அது சில்வர் நைட்ரேட் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அந்தக் காலத்தில் ஆறாத புண்ணையும் மருவையும் சுட வைத்திருப்பார்கள். வெளிச்சம் பட்டுக் கெடாமலிருக்கப் பழுப்புக் குப்பி. தோலில் பட்டபோது ஒன்றும் தெரியாது; வெளிச்சம் பட்ட பிறகுதான் கறுக்கும். தேர்தலில் விரலில் வைக்கும் மையிலும் இதே சரக்குதான். தோல் உரிந்து புதுத்தோல் வரும்போது தானாகப் போய்விடும்.

நண்பர் நிம்மதியாகச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. மற்ற இரண்டு குப்பிகளில் என்ன இருந்தது என்று கேட்டதற்கு, "ஒன்றில் தண்ணீர் மாதிரி கொஞ்சம், ஒன்றில் பொடி" என்பதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. அறையைப் பூட்டி வைக்கவும், பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம் என்றும், ஒரு மருத்துவரைப் பார்த்துவிடவும் சொன்னேன். மருத்துவர் சோதித்து, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். நான் மறுநாள் காலையில் போனேன்.

பெட்டியில் கண்டவை

பெட்டி தேக்கு. ஒன்றரை அடி அகலம், ஒரு அடிக்குச் சற்றுக் கூடுதல் உயரம்; முன்னால் இரட்டைக் கதவு. உள்ளே 16 குழிகள், அவற்றில் 13 குப்பிகள்; கழுவிய மூன்றும் அதில் சேர்த்தி. கீழே ஓர் இழுப்பறை. அதில் கைத்தராசு, பீங்கான் உரல், மாத்திரை உருட்டும் ஓடு, வளைந்த கத்தி, ஒரு தகர டப்பா.

எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றைப் போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு குப்பியாக வெளியே எடுத்தோம். எதையும் திறக்கவில்லை. என் தலைமுறை மருந்தாளுநர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்து பார்ப்பது. முதல் குப்பியை எடுத்ததுமே கை தானாக மூடிக்குப் போனது. இழுத்துக்கொண்டேன்.

ஆங்கில அச்சில் ஒட்டுக்காகிதங்கள். ஆனால் அநேகமாக ஒவ்வொன்றின் கீழும் எளிதில் அழியாத காப்பிப் பென்சிலால் தமிழில் ஒரு வரி இருந்தது. குயினைன் குப்பியில் 'முறைக்காய்ச்சல்'. போரிக் பொடியில் 'கண் கழுவ'. கலோமெல் என்று அச்சிட்ட குப்பியில் 'பூரம்'. டோவர் பவுடர் குப்பியில் மட்டும் கொஞ்சம் நீளம்: 'அபின் சேர்ந்தது. பிள்ளைகளுக்குக் கூடாது.'

'பூரம்' என்ற சொல்லில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். கலோமெல்லும் சித்த வைத்தியத்தின் பூரமும் ஒரே பாதரச உப்பு. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு மிஷனரிக்கு அதைப் பூரம் என்று எழுதிவைக்க வேண்டிய தேவை கிடையாது. வைத்தியர் வீட்டுச் சொற்கள் காதில் விழுந்து வளர்ந்த ஒருவர் எழுதியது அது. குப்பியில் இருந்த பொடி வெள்ளையாக இல்லை, சாம்பல் பூத்திருந்தது. வெளிச்சம் பட்டால் கலோமெல் மெல்லப் பிரிந்து ஒரு பங்கு பாதரசமாகும். இன்னொரு பங்கு, பூரத்தைவிடப் பல மடங்கு கொடிய, வீரம் என்ற பாதரச விஷமாகும். ஒட்டுக்காகிதத்தில் எழுதியிருப்பதுதான் இன்றும் உள்ளே இருக்கிறது என்று எண்ணக்கூடாது என்பதற்கு அந்தச் சாம்பல் நிறம் போதும்.

தகர டப்பாவில் 11 குன்றிமணிகள். ஒரே அளவாகப் பொறுக்கியவை. பக்கத்திலிருந்த மரக்கட்டையில் எடைக்கற்களுக்குக் குழி வெட்டியிருந்தது. எல்லாமே கிரெயின் கணக்கு. அதில் 2 கிரெயின் கல்லின் குழி காலி. ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். வைத்தியர் கணக்கில் ஒரு குன்றிமணி 130 மில்லிகிராம். வீட்டிலிருந்து என் தராசை வரவழைத்து நிறுத்துப் பார்த்தேன். பதினொன்றும் சேர்ந்து 1.4 கிராமுக்குச் சற்று மேல். தொலைந்துபோன 2 கிரெயின் கல்லுக்குப் பதிலாக அந்த மனிதர் குன்றிமணியைப் பொறுக்கி வைத்திருக்கிறார். பெட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பொருள் அந்த டப்பாதான். நண்பர் அதைக் குப்பைக்கூடையில் போட எடுத்து வைத்திருந்தார்.

பின்பலகை

பெட்டியின் வெளி ஆழத்தையும் உள் ஆழத்தையும் அளந்தபோது இரண்டு அங்குலம் இடித்தது. ஆங்கிலேயப் பாணி மருந்துப் பெட்டிகளில் பின்புறம் நகரும் பலகை வைத்து, வீட்டார் கைக்கு எட்டாமல் விஷங்களை அதற்குள் வைப்பது வழக்கம். அதைப் பார்த்து நம் ஆசாரிகள் செய்த பெட்டிகளிலும் இது உண்டு. உள்ளே ஒரு பித்தளை ஊசி. அதைத் தூக்கியதும் பலகை நகர்ந்தது.

நான்கு குப்பிகளும், அவற்றின் பின்னால் செருகிய ஒரு நோட்டின் முதுகும் தெரிந்தன. முதல் குப்பி நீலம். ஆறு பட்டை, விரலில் உரசும் வரிகள். இருட்டில் எடுத்தாலும் விஷம் என்று கை உணரவேண்டும் என்பதற்காக அப்படி வார்ப்பார்கள். ஸ்ட்ரிக்னைன், கீழே பென்சிலில் 'எட்டிச் சத்து'. இரண்டாவது மெர்க்குரி பெர்குளோரைடு. 'வீரம்' என்று எழுதியிருந்தது. மூன்றாவது டிங்க்சர் ஓபியம், அதாவது அபின் கரைசல்.

நான்காவது அகன்ற வாய்க் குப்பி, கண்ணாடி அடைப்பான். அடைப்பானும் குப்பியின் கழுத்தும் சேரும் இடத்தில் எலுமிச்சை மஞ்சளில் பொருக்குக் கட்டியிருந்தது. ஒட்டுக்காகிதத்தில் பிக்ரிக் ஆசிட். கீழே 'தீப்புண்ணுக்கு'.

பலகையிலிருந்து கையை எடுத்தேன். மூடவும் இல்லை. நண்பரைத் தோளில் தொட்டு வெளியே வரச் சொன்னேன்.

எடுத்த முடிவும் காரணமும்

பிக்ரிக் அமிலக் கரைசலில் துணியை நனைத்துத் தீப்புண்ணில் போடுவது முன்னொரு காலத்தில் பரவலான சிகிச்சை. முதல் உலகப்போரில் பீரங்கிக் குண்டுகளில் அடைத்ததும் இதே பொருளைத்தான். ஈரமாக இருக்கும்வரை சாது. நீர் வற்றிக் காய்ந்த பிறகு அடியோ உரசலோ சூடோ அதற்குப் போதும். சில உலோகங்களோடு சேர்ந்தால் உண்டாகும் உப்புகள் இன்னும் மோசம். கண்ணாடி அடைப்பானைத் திருகினால், கழுத்தில் காய்ந்திருக்கும் பொருக்கு இரண்டு கண்ணாடிக்கு நடுவே அரைபடும். முதல் நாளே அந்தப் பலகையின் சூட்சுமம் நண்பருக்குப் புலப்பட்டிருந்தால் இந்தக் குப்பியும் வாளிக்குத்தான் போயிருக்கும்.

வீட்டிலிருந்த ஆறு பேரையும் எதிர்வீட்டுக்கு அனுப்பினோம். சமையல் எரிவாயுவை வெளியில் அடைத்தோம். நண்பரின் மருமகன், குப்பியைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிடலாமே என்றார். ஈரமாக்க வேண்டும் என்ற யோசனை தவறல்ல. ஆனால் உள்ளே ஈரம் போக அடைப்பானைத் திறந்தாக வேண்டும்; ஆபத்தே அடைப்பானில்தான் இருக்கிறது. இன்னொருவர், ஆற்றில் வீசிவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது என்றார். ஆற்றுக்குப் போகிற வழி முழுக்க அது ஒருவர் கையில் இருக்கும் என்பதைச் சொன்ன பிறகு பேச்சு அடங்கியது.

முதலில் எனக்குத் தெரிந்த ஒரு வேதியியல் பேராசிரியரைத் தொலைபேசியில் கேட்டேன். மஞ்சள் பொருக்கைச் சொன்னதும், "தொடாதீர்கள், காவல்துறைக்குச் சொல்லுங்கள்" என்று ஒரே வரியில் முடித்தார். நண்பர் அரை மணி நேரம் தயங்கினார். தெருவில் மானம் போய்விடும், பெட்டியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள் என்ற இரண்டு பயமும் அவருக்கு இருந்தது. அந்த அரை மணி நேரமும் நான் எதிர்வீட்டுத் திண்ணையில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவராகவே, "அன்றைக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை இருந்தது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு எண்ணை அழுத்தினார்.

வெடிபொருள் அகற்றும் பிரிவினர் பிற்பகலில் வந்தார்கள். பெட்டியை அப்படியே மணல் நிரப்பிய கொள்கலனில் வைத்து, ஊருக்கு வெளியே பொட்டலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அந்தக் குப்பியை மட்டும் பிரித்து அழித்துவிட்டு, மாலையில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு கதவின் கீல் மட்டும் பெயர்ந்திருந்தது. நண்பருக்கு அது வருத்தம். எனக்கு அது மலிவு.

அபினும் பாதரசமும்

மீதி இருந்தவற்றில் சட்டம் தொடும் சரக்கு இரண்டு: டிங்க்சர் ஓபியமும் டோவர் பவுடரும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்கு வயது ஒரு பொருட்டல்ல. தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய அபினும் அபின்தான். சேகரிப்பாளர் நண்பர்கள் பலரும் நண்பருக்குச் சொன்ன யோசனை ஒன்றே: சத்தமில்லாமல் கொட்டிவிட்டுக் குப்பியை வைத்துக்கொள். அவர் அதைச் செய்யாததற்குக் கொள்கை மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். காவல்துறையினர் எழுதிய பட்டியலில் இரண்டு குப்பியும் ஏறியிருந்தன.

மருந்துகள் ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தோம். வாங்கிய இடம், தேதி, தரகரின் ரசீது, ஒவ்வொரு குப்பியின் நிழற்படம், காவல்துறை கொடுத்த குறிப்பின் நகல் எல்லாவற்றையும் இணைத்தோம். இரண்டு நடைக்குப் பிறகு முத்திரையிட்டு எடுத்துக்கொண்டார்கள். காலிக் குப்பிகளையாவது திருப்பித் தரக் கேட்டோம், முடியாது என்றார்கள். 'பிள்ளைகளுக்குக் கூடாது' என்ற கையெழுத்து அந்தக் குப்பியோடு போய்விட்டது. நிழற்படம் மட்டும் இருக்கிறது. இந்த நிகழ்வில் எனக்கு உண்மையிலேயே இழப்பாகத் தோன்றுவது அது ஒன்றுதான்.

பாதரசச் சரக்கு, ஸ்ட்ரிக்னைன், அடையாளம் உறுதியாகாத பொடிகள் ஆகியவற்றுக்கு வேறு வழி பார்த்தோம். பேராசிரியரின் கல்லூரி ஆய்வகம் ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற நிறுவனம் மூலம் அபாயக் கழிவை அனுப்புகிறது. அதோடு சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். குப்பிகளிலிருந்து சரக்கைப் பிரித்ததும் அந்த ஆய்வகத்தில்தான், புகைபோக்கி அறையில். ஒட்டுக்காகிதம் நனையாமல் குப்பியின் உட்புறத்தை மட்டும் சுத்தம் செய்ய ஒரு குப்பிக்கு அரை நாள் ஆயிற்று.

யாருடைய பெட்டி

நோட்டை நிதானமாகப் படித்தது வைகாசியில்தான். பென்சிலில் எழுதிய நோயாளிக் கணக்கு. முதல் பக்கத்தில் '1108 மாசி'. தரகருக்கு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியதும், 1108 என்பது இங்கிலாந்துக் கம்பெனியின் வரிசை எண்ணாக இருக்கும் என்றார். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய பத்திரங்களைப் புரட்டியவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கொல்லம் ஆண்டு என்ற பழைய ஆண்டுக்கணக்கு அது. தை முதல் ஆடி வரை உள்ள மாதம் என்றால் 825-ஐக் கூட்டவேண்டும்: 1933 மாசி. மர்காஷிஸ் 1908-இல் மறைந்துவிட்டார்.

குப்பிகளும் அதையே சொல்லின. முன்வரிசையில் இருந்த பலவற்றில் அச்சுக்கோடு வாய் விளிம்பு வரை ஏறியிருந்தது. தானியங்கி எந்திரத்தில் வார்த்த கண்ணாடியின் அடையாளம் அது. அந்த எந்திரமே 1903-இல்தான் வந்தது. தரகர் பெரிய சான்றாகக் காட்டிய, 'டாப்லாய்டு' என்ற மாத்திரைப் பெயர் அச்சிட்ட தகரப்பெட்டியும் எதையும் நிறுவவில்லை. பரோஸ் வெல்கம் என்ற ஆங்கிலேய மருந்துக் கம்பெனி அந்தப் பெயரை 1884-இல் பதிவு செய்தது. அதன் பின் பல பத்தாண்டுகள் அந்தத் தகரம் உலகமெங்கும் விற்றது. ஆங்கிலேயக் கம்பெனியின் சரக்கு இருப்பதால் ஆங்கிலேயரின் பெட்டி என்றால், என் வீட்டுச் சுவர்க்கடிகாரமும் ஒரு துரையுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

ஆச்சி சொன்னதே சரி. நாங்கள் இருவரும் ஆனி மாதம் நோட்டை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்ததும், "மாமா கையெழுத்து. 'ழ'வுக்கு வாலை இப்படித்தான் இழுப்பார்" என்றார். குன்றிமணி டப்பாவைக் காட்டினோம். தான் கல்யாணமாகி வந்த புதிதில் பல்லாங்குழி ஆட அதிலிருந்து எடுத்ததற்கு மாமனார் கோபித்துக்கொண்டதையும், மறுநாளே வேறு குன்றிமணிகள் ஒரு படி வாங்கிவந்து கொடுத்ததையும் சொன்னார். எடைக்கல் என்று அவர் சொல்லவில்லையாம். "இவை மருந்துக்கு" என்று மட்டும் சொன்னாராம்.

நோட்டை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. பெட்டியோடு வந்தது, பெட்டியோடு இருக்கட்டும் என்பது நண்பரின் எண்ணம். அதில் சுற்று வட்டாரத்து மனிதர்களின் பெயர்களும், அவர்கள் வெளியே சொல்ல விரும்பாத நோய்களும் இருந்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே தெருக்களில் இருக்கிறார்கள். ஆச்சியின் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றேன். சட்டமும் ஒரு காரணம்: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் பொருள்களுக்கு 100 ஆண்டு, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணங்களுக்கு 75 ஆண்டுதான் வரம்பு. சட்டத்தின் கண்ணில் பெட்டியைவிட நோட்டு மூத்தது. பெட்டியை வெளிநாட்டு வாங்குநர் ஒருவருக்கு விற்றுத் தருவதாகத் தரகர் அப்போது சொல்லிக்கொண்டிருந்தார். நோட்டு உள்ளே இருந்தால் அதுவும் சேர்ந்து போயிருக்கும். முடிவில் மூலம் ஆச்சியிடம் போயிற்று. பெயர்களை மறைத்து எடுத்த நகல் நண்பரிடம் இருக்கிறது. பெட்டியை அவர் விற்கவில்லை.

28,000 ரூபாய் அதிகமா என்று அவரைக் கேட்டேன். மர்காஷிஸ் பெட்டி என்றால் மலிவு, கம்பவுண்டர் பெட்டி என்றால் அதிகம் என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆச்சிக்குக் கொடுத்ததில் தரகர் எவ்வளவு எடுத்தார் என்று கேட்காமல் வந்துவிட்டோம்" என்றார்.

மாற்றியிருக்க வேண்டியவை

வாங்கும் இடத்திலேயே வெளி ஆழமும் உள் ஆழமும் அளந்திருக்க வேண்டும். ஓர் அளவுநாடா போதும். விற்பவர் சொன்னதைத் தரகர் சொன்னதோடு ஒப்பிடாமல், தரகரைக் கொண்டு ஆச்சியைத் தள்ளியது பெரிய தவறு. ஆச்சியிடம் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால், பின்பலகையில் மாமா விஷம் வைத்திருப்பார் என்பதையும் சொல்லியிருப்பார். பின்னால் கேட்டபோது அவருக்கு அது தெரிந்தே இருந்தது.

என் பங்குக்கு ஒரு தவறு உண்டு. ஆறு ஆண்டுகளாக அவர் காட்டிய குப்பிகளில் எழுத்தை மட்டும் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்; உள்ளே இருப்பது என்ன நிலையில் இருக்கிறது என்று ஒரு முறையும் கேட்கவில்லை. இதற்குப் பிறகு பழைய ஏழு பெட்டிகளையும் திரும்பத் திறந்து பார்த்தோம். தாத்தாவின் சித்தப் பெட்டியில் மருந்து அரைக்கும் கல்வத்துக்கு அடியில் காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தது, வெள்ளைப் பாஷாணம் என்ற ஆர்சனிக் விஷம். அந்தப் பெட்டி இருந்தது பேரப்பிள்ளைகள் உறங்கும் அறையின் அலமாரியில். பொட்டலம் கல்லூரி ஆய்வகத்துக்குப் போயிற்று.

இப்போது நண்பரின் முறை தலைகீழாகிவிட்டது. மருந்து வெளியேறுகிறது, காகிதம், பென்சில் எழுத்து, கறை, குன்றிமணி எல்லாம் இருக்கிறபடியே இருக்கின்றன. பித்தளையில் அவர் இப்போது புளி போடுவதில்லை. சரக்கு இல்லாத பெட்டிக்கு மதிப்பு குறைவு என்று மற்ற சேகரிப்பாளர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை, சந்தையில் அப்படித்தான்.

கழுவிய மூன்று குப்பிகள் அவற்றின் குழிகளிலேயே இருக்கின்றன, வெறும் கண்ணாடியாக. ஆடி மாதம் தரகர் முதன்முதலில் அனுப்பிய நிழற்படத்தைத் தற்செயலாகப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அவற்றில் ஒன்றின் காகிதம் பாதி தெரிந்தது. ஆங்கிலத்தில் 'லைக்கர் ஆர்' வரை. அதன் கீழே அதே பென்சிலில் 'பாஷாண நீர்'. வெள்ளைப் பாஷாணத்தைக் கரைத்துச் செய்த பழைய டானிக் அது. 'தண்ணீர் மாதிரி கொஞ்சம்' என்று நண்பர் சொன்ன குப்பி.

அங்கணத்துத் தண்ணீர் கொல்லையில் பாயும் இடத்தில் ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி, மூட்டை கட்டி, மற்ற கழிவோடு அனுப்பிவிட்டோம். அந்த இடத்தில் ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது, இடுப்பு உயரத்திலிருந்து ஓட்டுக்கு மேல் வளர்ந்தது. நண்பரின் மனைவி இப்போது கறிவேப்பிலையைக் கடையில்தான் வாங்குகிறார்.